அனஸ்ரேசியாவுக்கு வருகிற கரி

திபெத்தியர்களின் நெய்விளக்குத் திருநாளுக்கு முந்திய மாலை, அனஸ்ரேசியா ஏணியில் ஏறி, கூரையில் இருக்கும், புகை பட்டால் அலறும் மணிகளுக்குக் குளியல் தொப்பி மாட்டிக்கொண்டிருப்பார். ஒரு முறை தொப்பி போட மறந்து, திபெத்தியர்கள் விளக்கேற்றிக் கண்மூடிய நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. வந்தவர்களுக்கு வெண்ணெய்த் தேநீர் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தொப்பிகளும் சடங்கில் சேர்ந்தவை என்று சில இளசுகள் நம்புகிறார்கள். ஒருத்தி அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டதும் உண்டு.

ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடிகளின் நிலவறையில் உள்ள மண்டபத்துக்கு இவர்தான் பொறுப்பு. பேசாலையில் பிறந்த கத்தோலிக்கர். மண்டபத்தை அதிகம் வாடகைக்கு எடுப்பவர்கள் திபெத்தியர்கள் என்பதால், அவர்களுடைய ஆண்டு முழுவதும் இவருக்கு விளக்குமாற்றால் மனப்பாடம். புத்தாண்டான லோசாருக்கு வறுத்த பார்லி மாவை அள்ளி மேலே எறிவார்கள்; அது ஹீட்டருக்குள் போய்ப் பங்குனி முடியும்வரை மணக்கும். "எங்களுக்குச் சாம்பல் புதன், அவையளுக்கு மாப் புதன்" என்பார், அன்று வெள்ளிக்கிழமையாக இருந்தாலும். புத்தரின் மாதமான சாகா தாவாவில் இறைச்சி இல்லை; உயிர்களுக்கு விடுதலை கொடுப்பார்கள். ஒஸ்லோவில் விடுதலை செய்ய மலிவாகக் கிடைப்பது தூண்டில் கடைப் புழு. அவர்கள் மந்திரம் சொல்லிப் புழுக்களைப் புல்லில் விட, இவர் குடையை விரித்துக்கொண்டு காகம் கலைப்பார். குளிர்காலத்தில், ஒன்பது கெட்டதும் கூடும் நாள் என்று ஒன்று வரும். அன்று நல்ல காரியம் எதையும் செய்யக்கூடாதாம். மண்டபம் கூட்டுவது நல்ல காரியமா என்று கேட்டார். நல்ல காரியந்தான் என்றார்கள். அந்த நாளைவிட விருப்பமான திருநாள் அவருக்கு வேறு இல்லை.

பிடிக்காதது ஒன்றே ஒன்று. லோசாருக்குச் சற்று முன்னால், பழைய ஆண்டைக் கழிப்பதற்காகக் குதுக் என்ற கஞ்சி காய்ச்சுவார்கள். அதில் ஆளுக்கொரு பெரிய மாவுருண்டை வரும். பிட்டால் உள்ளே ஏதாவது இருக்கும். மிளகாய் என்றால் வாய்க்காரர், உப்பு என்றால் சோம்பேறி, வெள்ளைக் கம்பளி என்றால் இளகிய மனம், கரி என்றால் கறுத்த மனம். எல்லாரும் சிரிப்பார்கள், கரி கிடைத்தவர் இன்னும் பலமாகச் சிரிப்பார். அனஸ்ரேசியாவுக்கு வருடா வருடம் கரிதான். அவர் சிரித்ததே இல்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லிப் பார்த்தார். மாவுருண்டைக்கு ஆளைத் தெரியாது என்று சுவாமியார் ஆறுதல் சொன்னார். ஆளைத் தெரியாமலா இப்படித் தேடித் தேடி வருகிறது என்று முணுமுணுத்தபடியே வீட்டுக்கு வந்தார்.

இந்த ஆண்டு சங்கதி முற்றிவிட்டது. மகன் மார்க்கஸ், யாங்கி என்ற திபெத்தியப் பெண்ணைக் கட்டப்போகிறான். குதுக் மேசையில் எதிரே உட்காரப்போவது பெண்ணின் தாய் டோல்மா. மாமியாராகப் போகிறவரின் உருண்டையிலிருந்து சம்பந்தியின் கண்முன்னே கரி விழுந்தால் என்ன ஆவது? இந்த ஒரு வருடம் கரியை விட்டுவிடலாமே என்று சமைப்பவர்களிடம் கேட்டார். கரி இல்லாமல் என்ன குதுக் என்றுவிட்டார்கள்.

"அது சும்மா பகிடி, அம்மா" என்றான் மார்க்கஸ்.

"உனக்குப் பகிடி. நாளைக்கு அந்தப் பிள்ளை ஒருக்கா அழுதால், கரி அண்டைக்கே சொன்னதெண்டு தாய் நினைப்பா."

ஆகவே, மா குழைக்கத் தானும் வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் புகுந்தார். கம்பளி வைத்த உருண்டையில் யாரும் பார்க்காத நேரம் நகத்தால் சின்னச் சிலுவை ஒன்று கீறினார். கொழுக்கட்டையில் கிள்ளிய அடையாளம் கடைசிவரை நிற்கும் என்ற துணிவு. கொழுக்கட்டை ஆவியில் அவிகிறது, இது கஞ்சியில் கொதிக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. பரிமாறும் அகப்பையையும் பிடுங்கி வைத்துக்கொண்டு பானையைத் திறந்தால், உருண்டைகள் எல்லாம் ஊதிப் பருத்து ஒரே முகமாக மிதந்தன. துழாவினார். பின்னால் வரிசை நீண்டது. தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாரை வேண்டிக்கொண்டு, கண்ணை மூடி ஒன்றைத் தன் கிண்ணத்துக்கு அள்ளினார்.

மேசையில் ஒவ்வொருவராகப் பிட்டார்கள். மார்க்கசுக்கு உப்பு. யாங்கிக்கு மிளகாய், எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்தது அனஸ்ரேசியா. விரலை வைத்ததுமே உள்ளே கறுப்புத் தெரிந்தது. அந்தோனியாரும் கைவிட்டுவிட்டார். உருண்டையை அப்படியே வாய்க்குள் தள்ளினார். நறுக்கென்ற சத்தம் மேசை முழுவதற்கும் கேட்டது. கண்ணில் நீர் முட்ட மென்று விழுங்கினார்.

"எனக்கு ஒண்டும் வரேல்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தார். பல்லெல்லாம் கறுப்பு.

மார்க்கஸ் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டான். டோல்மா அந்தப் பற்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன்னுடைய உருண்டையை எடுத்து, பிட்டுப் பார்க்காமலே வாயில் போட்டு, மென்று விழுங்கினார்.