மெஷினுக்கும் சாம்பிராணி

தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும். இதைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, பக்கத்தில் படுத்திருந்த என் மனைவி. குறட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்வாள்; அது சட்டென்று நின்றால்தான் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

போன பங்குனியில், மாஸ்க் வழியாக மூக்குக்குள் காற்றைத் தள்ளும் மெஷின் ஒன்று வாங்கினோம். சித்திரை, வைகாசியெல்லாம் சொர்க்கம். மந்தைவெளியில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும். இரண்டு பேரும் அடித்துப் போட்டாற்போல் தூங்கினோம்.

மார்கழியில் எல்லாம் தலைகீழ். மூக்கடைப்பு, காலையில் தலைவலி, மாஸ்க்கை மீறிக் குறட்டை. அவள் தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். "மூச்சு வருதா வருதான்னு பார்த்துக்கிட்டே படுத்திருக்க என்னால முடியலீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அந்தக் கட்டிலே பிடிக்காமல் போயிற்று. பனியையும், தோண்டிப் போட்ட தெருவின் புழுதியையும் திட்டித் தீர்த்தேன். ஜன்னல்களை இறுகச் சாத்தினேன்.

டாக்டர் மெஷினோடு வரச் சொன்னார்; இரண்டு பேரும் போனோம். பனிக்காலத்தில் புகையும் தூசியும் மேலே போகாமல் தங்கிவிடும், மூக்கு அடைத்தால் இந்தத் தொல்லை கூடலாம் என்று சொல்லிக்கொண்டே பில்டரைக் கழற்றினார். கறுத்திருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"சார், கோயில் வாசனை வருதே?"

என் மனைவி பெருமையாகச் சொன்னாள். "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சதிலேர்ந்து வெள்ளிக்கிழமை தவறாம சாம்பிராணி காட்டறேன் டாக்டர். அவர் உயிரைக் காப்பாத்தற மெஷினாச்சே."

சாத்திய ஜன்னல், உள்ளே தூபக்கால், அந்தக் காற்றையே இழுத்து எனக்கு ஊதும் மெஷின். நன்றாகத்தான் இருந்தது எங்கள் வைத்தியம். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு புது பில்டர் எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது ஆட்டோவில் அவள் அந்தக் கறுத்த பில்டரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எனக்காக ஒரு மெஷினைக் கும்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை, படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு மற்ற அறைகளுக்கு மட்டும் தூபம் காட்டினாள். மெஷினுக்குப் பொட்டோடு சரி. மூக்கு மெல்லத் திறந்தது. தலைவலியும் விட்டது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில், ஹாலில் கிடந்த தன் தலையணையை எடுத்து முகர்ந்தாள். "இதுலயும் புகை ஏறியிருக்கு" என்று பால்கனி வெயிலில் போட்டாள். பகலெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி பால்கனிப் பக்கம் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அதைத் தட்டி எடுத்துவந்து, என் தலையணைக்குப் பக்கத்தில் போட்டாள்.