தட்டின் முடிவில் ஒரு பேர்

என்னிடம் இருக்கும் கிராமபோன் தட்டின் நடுவில் காகிதம் இல்லை. அதில் அச்சடித்திருந்த பேரை நான்தான் நகத்தால் சுரண்டி எடுத்தேன். அது துறைமுகத்தில் எங்களை வேலை வாங்கிய மேஸ்திரியின் பேர். அவர் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இங்கேயும் அந்தப் பேரை எழுதப் போவதில்லை.

ரங்கூன் துறைமுகத்தில் அண்ணன் அரிசி மூட்டை தூக்கினான். நான் கிழிந்த கோணிகளைத் தைத்தேன். த்வாண்டே என்ற ஊரிலிருந்து படகில் பானை கொண்டுவரும் ஒருத்தியைக் கேலி செய்து, மூட்டை தூக்கும்போது பாட அண்ணனே கட்டிய பாட்டுத்தான் அந்தத் தட்டில் இருக்கிறது. அவள் பானையைத் தட்டிக்காட்டி விலை சொல்லும் அழகை அவன் பாடினால், தமிழ் தெரியாத பர்மாக்காரர்கள்கூடச் சிரிப்பார்கள். துறையில் பல கூட்டங்கள் வேலை செய்ததால், சுமை இறங்கியதும் பாடுகிறவன் தன் மேஸ்திரியின் பேரை உரக்கச் சொல்ல வேண்டும். எந்தக் கூட்டம் இறக்கியது என்று மேலே நிற்கும் கிளார்க்குக்கு அதை வைத்துத்தான் தெரியும்.

ரங்கூனின் கியாக்டடா பகுதியில் ஒரு ஹோட்டல் அறையில் பாட்டுப் பதிவு செய்யக் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். அண்ணனை மேஸ்திரிதான் அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். "பாட்டு முடிஞ்சதும் பேரைச் சொல்லுப்பா" என்றார் கம்பெனி ஆள். அந்தக் காலத்துத் தட்டுகளில் பாடியவர் கடைசியில் தன் பேரைச் சொல்வது வழக்கம். எங்கள் இருவருக்கும் அது தெரியாது. குரலைப் பதிவு செய்யும் கருவியின் புனல் முன்னால் நின்று பாடி முடித்த அண்ணன், துறைமுகத்தில் கத்துவதுபோலவே மேஸ்திரியின் பேரைக் கத்தினான். மேஸ்திரி வீட்டிலேயே கிராமபோன் வைத்திருந்தவர். அவருக்கு எல்லாம் தெரியும். என் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கத்திய பேரையே பாடியவர் பேராகக் கம்பெனிக்காரர்கள் தட்டில் அச்சடித்துவிட்டார்கள்.

ரங்கூனில் லத்தா பகுதியின் டீக்கடைகளிலெல்லாம் அந்தத் தட்டுத்தான் ஓடியது. மேஸ்திரிக்கு மாலை, கோயில் விழாவில் முன்வரிசை நாற்காலி. நேரில் பாடச் சொன்னால் தொண்டை சரியில்லை என்பார். சாகும்வரை அந்தத் தொண்டை சரியாகவில்லை.

"பாடுனது நான்னு கம்பெனியில ஒரு வார்த்தை சொல்லுங்க மேஸ்திரி" என்று அண்ணன் போய்க் கேட்டான். அவர் வெற்றிலையை மென்றபடியே, "பேரு எவன் பேரா இருந்தா என்னடா, குரல் உன்னுதுதானே" என்றார். மறுநாளிலிருந்து அண்ணன் பாடவில்லை. மூட்டைகள் சத்தமில்லாமல் இறங்கின. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என் பாட்டை ஏண்டா நிறுத்திட்டே?" என்று எல்லார் முன்னாலும் அதட்டினார் மேஸ்திரி. என் பாட்டு என்றார். கோணி ஊசி என் கையில்தான் இருந்தது. தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக என்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். அதுவரை ஒரு வரிகூடப் பாடவில்லை.

இப்போதும் அந்தத் தட்டைப் போட்டுக் கேட்கிறேன். காகிதத்தைச் சுரண்டியாயிற்று, குரலைச் சுரண்ட முடியாது. அண்ணன் வாயாலேயே அந்தப் பேர் வந்துவிடும். அதனால் பாட்டின் கடைசி வரியில் பானைக்காரி படகேறியதும் ஊசியைத் தூக்கிவிடுகிறேன். அந்த இடத்தில் பாடியவன் பேர் வர வேண்டும். நானே சொல்கிறேன்.

மாடசாமி.