கூலி அரிசி

என் அக்கா கண்மணியின் முதல் இரண்டு பிள்ளைகளும் செத்ததற்கு டன்லப் தெருவில் பல காரணம் சொன்னார்கள். கண்ணேறு என்றார்கள், மாந்தம் என்றார்கள், அவள் ஜாதகத்தில் கோளாறு என்றார்கள். எல்லாம் பொய். அந்தப் பிள்ளைகளைக் கொன்றது வெள்ளைச் சோறு. அதை அவள் தட்டில் போட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்பதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அக்காவின் கணவர் பாலகிருஷ்ணன், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்ததும் அவர் முதலில் செய்த காரியம், புழுங்கலரிசியை வீட்டைவிட்டு விரட்டியது. அது கூலி அரிசியாம். மஞ்சளாக இருக்குமாம், வாடை அடிக்குமாம். கிராணி வீட்டில் சயாம் பச்சரிசிதான் வேகவேண்டும். 1951-இல் அவரைக் கட்டிக்கொண்டு வந்த கண்மணி, அந்த அரிசியை நான்கு தண்ணீர் விட்டுக் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டி, பருக்கை பருக்கையாக உதிரும்படி வடிப்பதில் பேர் வாங்கினாள்.

நான் அப்போது ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு ஆயாவாகக் கப்பலேறியிருந்தேன். முதல் பிள்ளை இறந்த கடிதம் ஏடனில் கிடைத்தது. இரண்டாவதற்கு லிவர்பூலில். இரண்டும் மூன்று மாதம்கூடத் தாண்டவில்லை. கப்பலில் இருந்துகொண்டு அழுவதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

அத்தானின் அக்கா பாக்கியலட்சுமி அவர்களோடுதான் இருந்தார். பிள்ளைப்பேற்றுப் பத்தியம் அவர் பொறுப்பு. பருப்பு வாயு, மீன் கரப்பான், கீரை பிள்ளைக்குச் சளி. மிளகு ரசமும் வெள்ளைச் சோறும் சுட்ட பூண்டும் போதும். அதுவும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு. முதல் பிள்ளைக்கு நாற்பது நாள் பத்தியம். அது போனதும், "உன் பால் கெட்டுப்போச்சு கண்மணி, அடுத்ததுக்கு வாயை நல்லாக் கட்டணும்" என்று அறுபது நாள் ஆக்கினார். அதுவும் போனது. மூன்றாவதற்குத் தொண்ணூறு நாள். ஒவ்வொரு சாவுக்கும் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. அதற்குப் பெயர் அக்கறை.

1956-இல் நான் திரும்பி வந்தபோது மூன்றாவது பிள்ளைக்கு நாற்பத்தைந்து நாள். அன்று மத்தியானம் அந்த வீட்டில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். "சோறு பூ மாதிரி இருக்குக்கா" என்றும் சொன்னேன். கப்பல் ரொட்டி தின்று சலித்த நாக்கு அது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் தேக்கா மார்க்கெட்டுக்கு இருவரும் போனோம். நெய்னா முகம்மதுவின் அரிசிக் கடையைத் தாண்டியதும் அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, நம்ம கடை வாசல்ல செருப்பைக் காணிக்கையா வச்சிட்டுப் போறியா?"

அக்கா குனிந்து பார்த்தாள். வலது காலில் செருப்பு இல்லை. "கழண்டது தெரியலைண்ணே" என்று சிரித்தாள்.

"இந்த மாசம் இது மூணாவது தடவை. உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லி செருப்புக்கு ஒரு கயிறு கட்டச் சொல்லுலா."

நானும் சிரித்தேன். அவள் கணுக்கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கா என்னைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது, முகம் நீலம் பாரித்திருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை.

"லீலா, மத்த ரெண்டும் இப்படித்தான் அழுதுச்சு. சத்தமில்லாம. மறுநாள் போயிருச்சு."

பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, மந்திரிப்பவரைக் கூட்டிவரப் புடவையை மாற்றினார். அத்தான் பேப்பரை மடித்தார்.

"அவர் வந்து பாக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் பாப்போம்."

"போன ரெண்டு தடவையும் சாயங்காலம் வரைக்கும்தாங்க பாத்தோம்" என்றாள் கண்மணி. பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினாள். ஐந்து வருஷத்தில் அவள் அத்தானைக் கேட்காமல் அந்தப் படியை இறங்கியது அன்றுதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டரோடு வந்தவர் சிவகாமசுந்தரி மிஸ்ஸி. எங்கள் ஊரில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். தாய்ப்பால்தான் என்றாள் அக்கா.

"சரி. நீ என்ன சாப்பிடுற?"

அக்கா விழித்தாள். மூன்று பிரசவம், இரண்டு சாவு. இவ்வளவுக்கும் இந்தக் கேள்வியை ஒருத்தர்கூட அவளிடம் கேட்டதில்லை.

"சோறு, ரசம்."

"என்ன அரிசி?"

"பச்சரிசி, மிஸ்ஸி. நல்லாக் கழுவித்தான் வடிப்பேன்."

"அதான் கழுவிட்டியே" என்றார் மிஸ்ஸி. அவர் குரலில் கோபம் இருந்தது. ஆனால் கை அக்காவின் வீங்கிய காலை அழுத்திப் பார்த்தபடி இருந்தது. விரல் பட்ட இடம் குழிந்தே நின்றது.

டாக்டர் பிள்ளையின் தொடையில் ஊசி போட்டார். பி ஒன் என்ற வைட்டமின். அது இல்லாவிட்டால் இருதயமும் நரம்பும் வேலை செய்யாதாம். அதனால்தான் பிள்ளையின் குரல் அடைத்துப்போனதாம், அக்காவின் கால் வீங்கி மரத்துப்போனதாம். உடம்பு அதைச் சேர்த்துவைக்காதாம். அன்றாடம் உள்ளே போகவேண்டுமாம். நெல்லை அவித்துக் காயவைத்தால் தவிட்டிலிருக்கும் அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், அதுதான் புழுங்கல் என்றார் மிஸ்ஸி. பச்சை நெல்லைத் தீட்டினால் சத்து தவிட்டோடு போகும். மிச்சத்தைக் கழுவிய தண்ணீரும் வடித்த கஞ்சியும் கொண்டுபோகும். பருப்பிலும் மீனிலும் கொஞ்சம் கிடைத்திருக்கும். அதைத்தான் பத்தியம் பிடுங்கிக்கொண்டதே.

"உன் பால் கெடலை" என்றார். "பால்ல அது இல்ல. உன் உடம்புலயே இல்லாதது பாலுக்கு எங்கேருந்து வரும்? உனக்கும் ஊசி போடணும், காலைக் காட்டு."

மூட்டை தூக்கிய மாமனார் வாழ்நாளெல்லாம் தின்ற அரிசியில் அது இருந்தது. அவர் மகன் அதைக் கேவலம் என்று வெளியே எறிந்தார்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வார்டில் ஒரு பிள்ளை கத்தியது. அக்கா எங்கள் கட்டிலைப் பார்க்காமல் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். பிறகுதான் குனிந்தாள். அவனேதான். கரகரத்த, எரிச்சல் பிடித்த குரல். அவள் அவனைத் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கத்த விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் வீட்டுக்கு வரும் வழியில் நெய்னா முகம்மது கடையில் நின்றாள்.

"புழுங்கல் குடுங்கண்ணே."

"உன் வீட்டுக்காரர் என்னையில்ல திட்டுவாரு?"

"நீங்க என்ன அரிசி சாப்பிடுறீங்க?"

"நமக்கு எப்பவும் புழுங்கல்தான். பச்சரிசி விக்கிறதுக்கு" என்றார், வெட்கமில்லாமல்.

அவள் சமைத்தாள். புழுங்கல் சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, பொரித்த மீன். பாக்கியலட்சுமி வாசற்படியில் நின்று, "தொண்ணூறு நாள் இன்னும் முடியலை. இதுவும் போச்சுன்னா என்னைச் சொல்லாதே" என்றார்.

"போன ரெண்டுக்கும் உங்களைச் சொல்லலை அண்ணி. இப்போ உங்க பேச்சைக் கேக்கவும் போறதில்ல" என்றாள் கண்மணி.

தட்டை எடுத்துக் கீழே வைத்து உட்கார்ந்தாள். அத்தான் இன்னும் கைகூடக் கழுவவில்லை.

"எனக்கு முன்னாடியா?"

"பிள்ளைக்குப் பசிக்குதுங்க. அதான் நான் சாப்பிடுறேன்."

"வேற சோறு இல்லையா?"

"இல்ல."

அவர் வெளியே போய்விட்டார். அக்கா அவசரப்படாமல் சாப்பிட்டு, மறுசோறும் போட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் அத்தான் திரும்பி வந்து, கை கழுவிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி அவரும் பேசவில்லை, அவர் அக்காவும் பேசவில்லை. கண்மணி அவருக்குக் கூலி அரிசிச் சோற்றைப் போட்டாள். உள்ளே பிள்ளை தெருவுக்கே கேட்கும்படி கத்தத் தொடங்கினான்.