ஐந்து மணி வரை இருந்த இடம்

அந்தப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவள் நான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுத் தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சிரிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். சிரிக்கிற நிலையில் அன்று அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் கேமராவைப் பார்த்தால் பல்லைக் காட்டுவது எங்கள் வயதுப் பழக்கம், அதனால் இரண்டு முறை சொன்னார்கள். எனக்குப் பின்னால் அப்பா. ஜுருவில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறையிலிருந்து அரைநாள் விடுப்பு எடுத்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மலேசியாவில் தமிழ் நாளிதழ் வாசிக்கிறவர்களுக்கு இந்தப் படத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பல்கலைக்கழக முடிவுகள் வந்த வாரத்தில் வருடம் தவறாமல் இப்படி ஒரு வரிசை வரும். நல்ல புள்ளிகள் எடுத்தும் இடம் கிடைக்காத பிள்ளைகள் கையில் தாளோடு நிற்பார்கள், பின்னால் பெற்றோர், ஓரத்தில் ஒரு தலைவர். முகங்கள் மட்டும் மாறும். நாங்களும் எத்தனையோ வருடம் அதைப் பார்த்து “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்கள்தான்.

எனக்கு நான்கு பாடத்திலும் ஏ. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் அதற்கு முன் யாரும் அப்படி எடுத்ததில்லை. முடிவு வந்த மறுநாளே நான் டாக்டராகிவிட்டேன். லிப்டில் என் சந்தைப் பையைப் பார்க்கிறவர்கள், “டாக்டர், எங்க பசாருக்கா?” என்று கேட்டார்கள். கீழே உணவுக்கடை வைத்திருந்த மாமா தன் முழங்கால் வலிக்கு என்னிடம் யோசனை கேட்டார். அம்மா லிட்டில் இந்தியாவில் சேலைக் கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அங்கே துணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் செய்தி போயிருந்தது. வேண்டாம் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

விண்ணப்பம் அரசாங்கத்தின் இணைய அகப்பக்கத்தில் செய்ய வேண்டும். பல தேர்வுகளை வரிசையாக நிரப்பலாம். எங்கெங்கே மருத்துவம் உண்டோ அங்கெல்லாம் மருத்துவம் போட்டேன். பிறகு பல் மருத்துவம், மருந்தியல். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. காலியாக விடாதே என்று ஆறாம் படிவ ஆசிரியை சொல்லியிருந்ததால், பட்டியலில் கண்ணில் பட்ட ஒன்றை அழுத்தினேன். கடல் தாண்டி, சபா மாநிலத்தில், மீன் வளர்ப்பு. எனக்கு மீன் பிடிக்கும், குழம்பில்.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள், போனேன், நன்றாகத்தான் பேசினேன். முடிவு வந்த நாளில் நானும் அம்மாவும் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் பார்த்தோம். இங்கே அரசாங்கம் ஒன்றை மறுக்கும்போது பதில் ‘டுக்காசித்தா’ என்று தொடங்கும். வருத்தத்தோடு தெரிவிக்கிறோம் என்று பொருள். அந்தச் சொல்லைத்தான் எதிர்பார்த்தேன். வந்ததோ வாழ்த்து. வாழ்த்துக்குக் கீழே, சபா, மீன் வளர்ப்பு.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

“மீனப் பத்திப் படிக்க பிளேன் ஏறிப் போகணுமா? ஜெலுத்தோங் பசாருக்குப் போனா பத்தாதா?”

நான் அழுதேன். அம்மாவும் அழுதார். அப்பா வேலை முடிந்து, மோட்டார் சைக்கிளில் கடல் மேல் போகும் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து, நகக்கண்ணில் சாம்பல் சாயத்தோடு கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். மருத்துவம் ஏன் இல்லை என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் அதைத்தான் தேடினார். மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினார். “என்ன கொறைன்னு போடலையே,” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் கட்சியின் சேவை மையத்துக்குப் போனோம். மக்கள் பிரச்சினைகளைக் கேட்கும் இடம் என்று பெயர். ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. அங்கே ஒருவர் எங்கள் தாள்களை எல்லாம் வாங்கிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. இன்றுவரை அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராயுவான், அதாவது மேல்முறையீடு, போடலாம், ஆதரவுக் கடிதம் தருகிறோம், பத்திரிகையிலும் போடுவோம் என்றார்.

“ஆனா ஒண்ணுண்ணே,” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “இப்ப கெடைச்சத அக்செப்ட் பண்ணிடாதீங்க. பண்ணிட்டா, உனக்குத்தான் எடம் கெடைச்சிருச்சேன்னு ஃபைல ஓரமா வச்சிருவான். ஒண்ணும் கெடைக்காத பிள்ளன்னாத்தான் கேஸுக்கு பலம்.”

அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து நான் அகப்பக்கத்தில் விதிகளை முழுக்க வாசித்தேன். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்படி இல்லை என்றும் எழுதியிருக்கவில்லை. நான்கு ஏ எடுத்தவளுக்கு ஒரு தொலைபேசி எண்ணைச் சுழற்றிக் கேட்கத் தெரியாதா என்று யாராவது கேட்கலாம். தெரியும். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது. மீன் வளர்ப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லிவிட்டால், நான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

படம் எடுத்தது அதே மேல்மாடியில். ஏழு பேர் வந்திருந்தோம். எனக்குப் பக்கத்தில், இடமிருந்து இரண்டாவதாக, மஞ்சள் பஞ்சாபி உடையில் ஒரு பெண். வரிசையில் நிறுத்தும்போதுகூடக் கைத்தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை, அவளுடைய அம்மா அதட்டி வாங்கிப் பையில் போட்டார். தாள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் வெளிச்சம் அடிக்கிறது, வெளியே எடுங்கள் என்றார் படம் எடுத்தவர். நாங்கள் உறையை உருவிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“ஒனக்கு என்ன கெடைச்சிச்சு?”

“மீன்.”

“எனக்கு லேப். ரத்தம் டெஸ்ட் பண்ற கோர்ஸ்.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் இரண்டாவது முறை சிரிக்காதே என்றார்கள்.

செய்தியாளர் பையன் ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். அப்பாவிடம், “வேற எதாச்சும் கெடைச்சிச்சாண்ணே?” என்றான்.

அப்பா பொய் சொல்லிப் பழகாதவர். விபத்தில் அடிபட்ட காரை, சாயம் அடித்துப் புதிதுபோல நிறுத்தியிருப்பார்கள். வாங்க வருகிறவர் கேட்டால், அடிபட்ட வண்டிதான் என்று இவரே சொல்லிவிடுவார். முதலாளியிடம் அதற்காக எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“எதுவும் கெடைக்கல தம்பி,” என்றார்.

பிறகு தேநீரும் கறிபாப் பலகாரமும் கொடுத்தார்கள். அப்பா சாப்பிடவில்லை.

படம் வெளியான நாளும், கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்வதற்கான கடைசி நாளும் ஒன்றாக அமைந்தன. மாலை ஐந்து மணியோடு அகப்பக்கம் மூடிவிடும். காலையிலேயே கீழ்க்கடை மாமா நாளிதழைக் கொண்டுவந்து கொடுத்தார். படத்துக்குக் கீழே, எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடமில்லை என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அப்பா இடுப்பு வலி என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. நாளிதழை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சாப்பாட்டு மேசையில், கைத்தொலைபேசியோடு. ‘ஏற்கிறேன்’, ‘ஏற்கவில்லை’ என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன.

அன்று மதியம் மீன் வளர்ப்பைப் பற்றி நிறையப் படித்தேன். இறால் பண்ணைகள், நோய்கள், நீரின் உப்பளவு. கொஞ்சம் கொஞ்சமாக அது எனக்குப் பிடிக்கத் தொடங்கியது, அதுதான் வேதனை. மூன்று மணிக்கு மேல், மருத்துவம் கிடைக்காவிட்டாலும் இதைப் படித்து உருப்பட்டுவிடலாம் என்றே தோன்றியது. ஆனால் அழுத்தினால்? இடம் கிடைத்த பெண் கிடைக்கவில்லை என்று வரிசையில் நின்றாள் என்று ஆகிவிடும். அதைவிட, அப்பா ஊரறியப் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன ஒரே பொய்யை நானே காட்டிக்கொடுப்பதா? அவர் ஒரு வார்த்தை சொன்னால் அழுத்திவிடுகிறேன் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். “என்னம்மா செய்யப் போற?” என்று கேட்டால்கூடப் போதும்.

அவர் கேட்கவில்லை. நாளிதழின் அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு அகப்பக்கம் மூடி, திரை வெள்ளையாகியது.

மேல்முறையீட்டுக்குப் பதில் மூன்று வாரத்தில் வந்தது. டுக்காசித்தா.

அப்பா சேவை மையத்துக்கு மறுபடியும் போனார். அந்த மனிதர் உண்மையாகவே வருந்தினார், அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அடுத்த வருடம் புதிதாக ஏழு பேர் நின்றார்கள். நான் அதற்குள் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் கிராணி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சரக்குப் பெட்டிகள் எங்கே போகின்றன என்று எழுதிவைக்கும் வேலை. இன்றும் அதுதான். அடுக்குமாடியில் டாக்டர் என்று கூப்பிடுவதை எல்லோரும் ஒரே நாளில் நிறுத்திவிடவில்லை, அதுதான் பெரிய கொடுமை. ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கீழ்க்கடை மாமா மட்டும் பாசத்தில் இரண்டு வருடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பயந்து நான் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

அப்பா அந்தப் படத்தை வெட்டி, லேமினேட் செய்து, என் சான்றிதழ்களோடு கோப்பில் வைத்திருக்கிறார். யாராவது கல்வி பற்றிப் பேச்செடுத்தால் எடுத்துக் காட்டுவார். “ஏழு பிள்ளைங்க. ஏழு பேருக்கும் ஒண்ணும் குடுக்கல,” என்பார். சொல்லிச் சொல்லி அவருக்கு அது உண்மையாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

சென்ற வருடம் அவருக்கு இரத்தத்தில் சர்க்கரை, எங்கள் பேச்சில் இனிப்பு நீர், கூடிவிட்டது. இரத்தப் பரிசோதனைக்கு அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். எங்கள் எண் வந்ததும் உள்ளே போனோம். இரத்தம் எடுக்கிற பெண் அப்பாவின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகக்கவசத்தை இறக்கிச் சிரித்தாள். இந்த முறை யாரும் அவளைச் சிரிக்காதே என்று சொல்லவில்லை.

“மீன்தானே நீ?”

“லேப்,” என்றேன்.

“சபா எப்படி இருந்துச்சு?”

“போகல.”

ஊசி அப்பாவின் கைக்குள் இருந்தது. அவள் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பேசினாள்.

“ஏன் போகல? நான் அன்னிக்கே அக்செப்ட் பண்ணிட்டேன்லா. போட்டோவுக்கு நிக்கறதுக்கு முன்னாடி, அந்த மாடிப்படியிலயே. எங்கம்மா கூடத் திட்டினாங்களே. ராயுவான் தனியா போட்டேன். கெடைக்கல, சரின்னு இதையே படிச்சேன். எல்லாரும் அப்படித்தானே செஞ்சாங்க? கடைசியில நின்ன பையன்கூட பெர்லிஸ்ல இஞ்சினியரிங் போயிட்டான்.”

பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிக்கொள்ளச் சொன்னாள். ஐந்து நிமிடம் எடுக்கக் கூடாது அங்கிள், என்றாள். அப்பா ‘தேங்க்யூம்மா’ என்றார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். ஏழு பேர் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறோம். அதற்கு உண்மையாக நடந்துகொண்டவர்கள் நானும் அப்பாவும்தான். அவள் மேல் கோபமில்லை. அவள் புத்திசாலி. எனக்கிருந்த நான்கு ஏயும் எதற்கு என்றுதான் இருந்தது.

அப்பா மடக்கிய கையைப் பிரிக்காமல், எதிரே ஓடும் வண்டிகளைப் பார்த்தபடி சொன்னார்:

“அன்னிக்கு நீ அமுக்கிருவேன்னு நெனச்சேன்.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“அதுக்குத்தான் வேலைக்குப் போகாம இருந்தேன். நீ அமுக்கிட்டா, சேவை மையத்துல போயி நாந்தான் பொய் சொன்னேன், பிள்ள மேல தப்பில்லன்னு சொல்லிரலாம்னு இருந்தேன். என்ன சொல்றதுன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்.”

“அதை ஏன்பா அப்பவே சொல்லல?” குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணி தள்ளிப்போய் நின்றார்.

“நீ படிச்ச பிள்ள. டாக்டர்தான் வேணும்னு இருக்கியாக்கும்னு நெனச்சேன். சபாவுக்குப் போன்னு சொன்னா, அப்பாவே நம்மள நம்பலன்னு ஆயிருமேன்னு…”

அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்க விடவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பேருந்து வந்தது. அவருக்கு ஒரு கை மடங்கியிருந்ததால் நான் பிடித்து ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வீட்டின் கூடம் சிறியது. நாற்காலிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே ஒருவர்தான் நடக்கலாம். அன்று ஐந்து மணி வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.