மாமனார் நம்பாத நிலா

அந்தப் படம் என் கைக்குத் தலைகீழாகத்தான் வந்தது. மாமனார் பேப்பரைக் கதவிடுக்கில் நீட்டுவார், நான் உள்ளே நின்றபடி வாங்கிக்கொள்வேன். கறுப்பு வானம் கீழே, வெளுத்த தரை மேலே, நடுவில் மூட்டை போல் உப்பிய உடுப்போடு ஒரு ஆள் தலைகீழாக நின்றார். திருப்பிப் பிடித்த பிறகுதான் அது நிலா என்று தெரிந்தது. ஆடி மாதம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம்.

புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடை. கடைக்குப் பின்கட்டில் வீடு. மருமகள் மாமனாரின் எதிரில் வந்து நிற்கும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் அப்போது கிடையாது. ஆனால் அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது, பேப்பர் படிக்காமல் பொழுது போகாது. என் வீட்டுக்காரருக்குக் கடை வேலையே சரியாக இருக்கும். என் ஓரகத்திக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவிக்கு, எழுத்து தெரியாது. ஐந்தாவது படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஒரு ஏற்பாடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவுக்கு அந்தப்பக்கம் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், இந்தப்பக்கம் நான் நின்று படிப்பேன். முகம் பார்க்காமல், உலகத்துச் சங்கதியெல்லாம் அந்த மனிதருக்குச் சொன்னவள் நான்தான். ஊரில் யாராவது பெயர் கேட்டாலே நான் உள்ளே போய்விடுவேன். கதவு நடுவில் இருந்ததால்தான் அத்தனை வருடம் படித்தேன்.

அன்றைக்கு நான் முழுச் செய்தியையும் படித்து முடித்தேன். பிறகு மாமனார் கேட்டார்.

“ஏம்மா, மொதல்ல எறங்கனவன் அவன்தானே?”

“ஆமா மாமா.”

“அப்ப அவன் எறங்கறத படம் புடிச்சவன் எங்க நின்னான்? முன்னாடியே போயி நின்னுக்கினு வா வான்னு கூப்ட்டானா?”

நான் படத்தை மறுபடி பார்த்தேன்.

“காத்தே இல்லன்னு படிச்ச. கொடி மட்டும் இன்னாத்துக்கு வெறப்பா நிக்குது? வானத்துல ஒரு நட்சத்திரம் இருக்குதா பாரு. எல்லாம் பொய்ம்மா. மடிச்சி வை.”

அவர் புத்தி மழுங்கியவர் இல்லை. மிளகில் பப்பாளி விதையை எந்த அளவில் சேர்த்தால் கண்டுபிடிக்க முடியாது, துவரம்பருப்பில் எந்தப் பருப்பைக் கலப்பார்கள், எடைக்கல்லின் அடியில் எங்கே சுரண்டுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். அவர் கடையில் ஒரு நாளும் கலப்படம் செய்ததில்லை. ஆனால் எப்படிச் செய்வார்கள் என்று தெரிந்து வைத்திருந்தார். சரக்கு வந்ததும் மூட்டையின் வாயைப் பார்க்கமாட்டார், அடியில் கையைவிட்டு ஒரு பிடி எடுப்பார். நிலாச் செய்தியிலும் அப்படித்தான் கையைவிட்டார். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் உண்டு என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பேப்பரில் போட்டிருந்தது, நான் நம்பினேன். அவரைவிட நான் அதிகம் யோசித்து நம்பினேன் என்று சொல்ல முடியாது.

கடைக்கு வருகிறவர்களுக்கு இது நல்ல விளையாட்டாகப் போயிற்று. காலையில் வந்தவுடனே ஆரம்பிப்பார்கள்.

“இன்னா மொதலாளி, நெலாவுல புளி இன்னா வெலையாம்?”

“நீ போயி கேட்டுக்கினு வாடா. ஒம் பொண்டாட்டி நிம்மதியா இருப்பா.”

“அமெரிக்காக்காரன் போயிட்டு வந்துட்டான், நீ இன்னும் திண்டிவனத்தத் தாண்டல.”

“திண்டிவனத்துக்குப் போறவன் டிக்கெட் காட்டறான். அவன் இன்னாத்தக் காட்டனான்?”

“கல்லு எடுத்தாந்துகிறாங்கோ மொதலாளி!”

“கல்லுதானே? என் அரிசி மூட்டையில வேணும்ங்கற அளவு கீது. எடுத்துக்கினு போ.”

எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் எனக்குச் சரி என்று பட்டதை ஒருவர் தவறு என்கிறார். அந்த வயதில் அது பெரிதாக இருந்தது. பொட்டலம் மடிக்க வாங்கும் பழைய பேப்பர்க் கட்டுகளிலிருந்து நிலாச் செய்தி உள்ள தாள்களையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தேன். ஒரு நாள் கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லியும்விட்டேன்.

“மாமா, எல்லாப் பேப்பர்லயும் ஒரே மாதிரி போட்டிருக்கு. கவர்மெண்டே ஒத்துக்கினு இருக்கு. நெசந்தான் மாமா.”

கதவுக்கு அந்தப்பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, “கவர்மெண்டு காயிதத்துல போட்டா நெசமாயிடுமா?” என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். ஆனால் அந்தக் குரல் நிலாவைப் பற்றிப் பேசுகிற குரலாக எனக்குப் படவில்லை.

அன்று மாலை விளக்கேற்றுவதற்கு முன்னால் ஓரகத்தி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். அக்கா என்றுதான் நான் அழைப்பேன். என்னைவிடப் பதினான்கு, பதினைந்து வயது மூத்தவர். நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் எப்போதும் ஒரு கிள்ளு பூ. அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுக்காரன் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, விடுப்பில் வந்து அக்காவைக் கல்யாணம் செய்து, இரண்டே மாதத்தில் கப்பலேறி இந்தோ-சீனாவுக்குப் போனவர். ஆறேழு கடிதம் வந்தது. அதன்பின் பிரெஞ்சில் எழுதி முத்திரை குத்திய ஒரு காகிதம் வந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் சொன்னபோது, சண்டையில் இறந்துவிட்டார் என்று சொன்னார்களாம். மாமனார் ஏற்கவில்லை. காகிதத்தில் இருந்த பெயர் தன் மகன் பெயரே இல்லை என்றார். மகன் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடும்பம் நடத்துகிறான், எங்கள் கொம்யூன் ஊர்களிலேயே இரண்டு பேர் அப்படி இருக்கிறார்கள், ஒரு நாள் வருவான் என்றார். பென்ஷனுக்கு எழுதிப்போடச் சொன்னவர்களைப் படியேற விடவில்லை. அதோடு பதினைந்து வருடமாகியிருந்தது. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்குச் சொல்லப்பட்டதும் இதுதான். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார்.

கிணற்றடியில் அக்கா நேராகக் கேட்டார். “இன்னாடி, ஜெயிக்கணுமா ஒனக்கு?”

“நெசத்ததானேக்கா சொன்னேன்.”

“நெசந்தான். யாரு இல்லன்னா? நீ ஜெயிச்சிட்டா என் நெத்தி இன்னாவும்னு யோசிச்சியா?”

எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் அந்தப் பெயர் விவகாரத்தைச் சொன்னார். பட்டாளத்தில் சேர அவர் வீட்டுக்காரருக்கு வயது போதவில்லை. அவருக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் போய்விட்டிருந்தது. பிறந்ததை மேரி ஆபீஸில், பிறப்பு இறப்பு பதிகிற இடத்தில், பதிந்திருந்தார்கள். இறந்ததைப் பதியவில்லை. அழுது அடம்பிடித்த மகனுக்கு மாமனாரே அந்தக் குழந்தையின் பிறப்புச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். செத்த பிள்ளையின் பெயரில் உயிரோடிருந்த பிள்ளை கப்பலேறியது. காகிதம் வந்தபோதும் அந்தப் பெயரில்தான் வந்தது. கட்டிக்கொண்ட பிறகு வீட்டுக்காரரே அக்காவிடம் சொல்லியிருக்கிறார். மாமனாருக்கும் அக்காவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

“காயிதம் நெசம்னா அந்தச் சீட்ட எடுத்துக் குடுத்த கையி இன்னா பண்ணும், சொல்லு?” என்றார் அக்கா. “நான் அன்னிக்கே நம்பிட்டேன்டி. அவரு நம்பல இல்ல, அதுல நான் பொழைச்சிக் கெடக்கறேன்.”

எங்கள் வீடுகளில் அப்படிப் பொட்டழித்த பெண்களை எனக்குத் தெரியும். விசேஷத்தில் முன்னால் வரமாட்டார்கள், யார் வெளியே கிளம்பினாலும் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். முப்பத்தைந்து வயதில் அக்கா அப்படி ஒதுங்கவேண்டியதில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தார் என்றால், ஒரு கிழவர் ஒரு காகிதத்தை நம்ப மறுத்ததுதான் காரணம். ஒன்றை நம்ப மறுப்பதற்காக அவர் காகிதம் எல்லாவற்றையுமே சந்தேகப்பட வேண்டியிருந்தது. நிலா அந்த வரிசையில் வந்து மாட்டிக்கொண்டது.

பழைய தாள்களைக் கட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன். கார்த்திகை வாக்கில் இரண்டாவது தடவையாக ஆட்கள் நிலாவுக்குப் போனார்கள். அந்தச் செய்தி பெரிய எழுத்தில் வந்தது. கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன். தாண்டிப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவர்கள் ஊர் ஜனங்களிலேயே பலபேர் இதை நம்பவில்லையாம், ஏதோ பாலைவனத்தில் மணலைக் கொட்டிப் படம் எடுத்திருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம் என்று படித்தேன். அந்த வரி பேப்பரில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நல்லவாட்டுக் கடற்கரை மணலைப் பார்த்த நினைவாக இருக்கலாம். பேப்பர் படிக்கிற ராகத்திலேயே சொன்னேன்.

மாமனார் தொடையில் தட்டிய சத்தம் கேட்டது. “அப்பிடிச் சொல்லு! அவன் ஊர்க்காரனே நம்பலயாமா?”

அன்றைக்குக் கடையில் அவர் குரல்தான் ஓங்கியிருந்தது. பேப்பரிலேயே போட்டிருக்கிறது என்றதும் கேலி செய்தவர்கள் பாதிப்பேர் அடங்கிவிட்டார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து, மடுகரையிலிருந்து கீரை கொண்டுவரும் அம்மாள் பின்வாசலில் கூடையை இறக்கிவிட்டு என்னிடம் ரகசியம் போலச் சொன்னாள்.

“ஒனக்குச் சங்கதி தெரியுமா பாப்பா? நெலாவுக்குப் போவவே இல்லியாம். பாலைவனத்துல படம் புடிச்சாங்களாம். அதுல வேல செஞ்ச எஞ்சினீயரு ஒருத்தரு, மனசாட்சி உறுத்தி வேலைய வுட்டுட்டு வந்து சொல்லிட்டாராம்.”

நான் எஞ்சினீயர் என்று சொல்லவே இல்லை. பாகூருக்கும் மடுகரைக்கும் நடுவில் யாரோ அவரைச் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்ததும் கதை எவ்வளவு கெட்டியாகிவிட்டது என்று பாருங்கள். அவள் போன பிறகு, நானே கட்டிய பொய் என்று தெரிந்திருந்தும், ஒரு வினாடி, இருந்தாலும் இருக்குமோ என்று நினைத்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நிலாச் செய்தி எப்போது வந்தாலும் அதில் ஒரு வரி என்னுடையது இருக்கும். அக்கா கேட்டுக்கொண்டே வேலை செய்வார். ஒருமுறை, “நல்லாத்தான் படிக்கிறடி,” என்றார். அதில் கிண்டல் எவ்வளவு, நன்றி எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இப்போது என் பேரன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறான். வெள்ளைக்காரர் ஒருவர் அதே பாலைவனக் கதையைச் சொல்கிறார். கொடியைக் காட்டுகிறார், நட்சத்திரம் எங்கே என்று கேட்கிறார். “பாரு ஆயா, எப்பிடி லூசுங்க!” என்று பேரன் சிரிக்கிறான். என்னால் சேர்ந்து சிரிக்க முடிவதில்லை. அந்த மனிதர் எதை நம்ப முடியாமல் இதைப் பிடித்துக்கொண்டாரோ. அப்படி ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். எங்கள் கடை வாசலில் வந்து நின்றவர்களில் பலருக்குப் பொழுதுபோக்குக்கு மேல் ஒன்றும் கிடையாது. பெரிய மனிதர்களின் பொய்யைத் தாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்கிற சந்தோஷம் சிலருக்குப் போதும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒன்றுபோலத்தான் பேசுகிறார்கள்.

மாமனார் அதன்பின் பத்து வருடத்துக்கு மேல் இருந்தார். கடைசியில் படுக்கையோடு ஆனபோது பழைய வழக்கமெல்லாம் தானாகவே தளர்ந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே நான் படித்தேன். ஒரு மத்தியானம் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது என் கையைத் தொட்டு நிறுத்தினார். அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். அடுத்த அறையில் அக்கா கடைக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தின் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஏம்மா,” என்றார். “நெலாவுல எறங்கனான்னு சொன்னாங்களே. நீ படிச்சவ. பயப்படாம சொல்லு. அது நெசந்தானா?”

முறத்தின் சத்தம் நின்றது.

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கலாம். நெசம் என்று சொன்னால், சாவதற்கு முன்னால் அழுது தீர்த்துக்கொள்ள அந்த மனிதருக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். ஒருவேளை அதைத்தான் கேட்டாரோ என்று பின்னால் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் அவர் அழுதால் வீடு முழுக்கக் கேட்கும். சொந்தக்காரர்கள் வந்து கூடுகிற நேரம் அது, எதற்கு அழுகிறார் என்று கேட்பார்கள்.

“இல்ல மாமா,” என்றேன். “பொய்தான்.”

என்னையே பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. “சரி,” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து முறத்தின் சத்தம் மறுபடி கேட்டது.

பதினோரு நாளில் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரர் கொள்ளி வைத்தார். மூத்தவர் வெளிநாட்டில் இருக்கிறார், தகவல் சொல்ல வழியில்லை என்று வந்தவர்களிடம் சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அடுத்து வந்த வைகாசியில் வில்லியனூர்த் தேருக்கு நானும் அக்காவும் போனோம். அக்கா பட்டு உடுத்தி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி எனக்கு முன்னால் நடந்தார். வழியில் தெரிந்தவர்கள் நிறுத்திப் பேசினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.