நாலு விரல் இடைவெளி

சைக்கிள் கடையில் நின்றால் முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும்: தன் கால் எவ்வளவு நீளம் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. சட்டை சைஸ் தெரியும், செருப்பு சைஸ் தெரியும், பக்கத்து வீட்டுக்காரி வளையல் சைஸ்கூடத் தெரியும். கால் மட்டும் தெரியாது. துணிக்கடையிலோ செருப்புக்கடையிலோ கவுண்ட்டருக்கு உள்பக்கம் நின்ற பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

எங்கள் அப்பாவை நான் ஏமாற்றிய கதை ஒன்று இருக்கிறது. கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். முதலில் வெளி ஆட்கள், கடைசியில்தான் வீட்டு ஆள். அதுவரைக்கும் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர் ஜெனி. பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜ் திறக்கக் காத்திருக்கிறேன். டோல்கேட் சிக்னல் ஓரத்தில் இருக்கும் ஸ்டெல்லா சித்தியின் கடையில், தடி டயர் போட்ட கியர் வண்டிகளுக்கு அளவு பார்ப்பது என் வேலை. மலையேறுகிற வண்டியாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தேடினாலும் ஏறுவதற்கு ஸ்பீட் பிரேக்கரைத் தவிர ஒன்றும் கிடையாது.

இன்னொரு வேலையும் தெரியும். சர்ச் ஃபாதர் குரல், ரேஷன் கடைக்காரர் குரல், மீன் ஏலம் விடுகிறவர் குரல் எல்லாம் பேசுவேன். ஒருநாள் சித்தி குரலில் மெக்கானிக் அண்ணனை டீ வாங்க அனுப்பினேன். டீயை வாங்கிக் குடித்தது நிஜ சித்தி. திட்டும் அவரிடம்தான் வாங்கினேன்.

முப்பத்தெட்டு

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். "இன்னா சைஸு வேணும்ணா?" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் "முப்பத்தெட்டு" என்றார். அப்படி ஒரு வண்டி ஒட்டகத்துக்குக்கூட வராது. விசாரித்தால், அது அவருடைய பேன்ட் இடுப்பளவு.

வண்டியின் சைஸ் சக்கரத்தில் இல்லை, சீட்டு சொருகுகிற குழாயின் நீளத்தில் இருக்கிறது என்று காட்டினேன். வண்டியைக் கால்களுக்கு நடுவே விட்டு, இரண்டு பாதமும் தரையில் அழுந்த நின்றால், மேலே ஓடுகிற பாருக்கும் உடம்புக்கும் நடுவில் நாலு விரலாவது இடம் வேண்டும். அதற்குக் காலைத்தான் அளக்க வேண்டும், தொப்பையை இல்லை என்றேன். அவருக்கு மனசு நொந்துவிட்டது. "இன்னாம்மா நீ, தொப்பைக்கு ஒரு அளவு, காலுக்கு ஒரு அளவுன்றே! நான் ஒரே ஆளுதானேம்மா!"

புத்தகம்

காலை அளப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டியான புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே வைத்து, முடிந்தவரை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். புத்தகம் நின்ற இடத்திலிருந்து தரை வரைக்கும்தான் கணக்கு. வருகிறவர்கள் முக்கால்வாசி ஆம்பளைகள் என்பதால், புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு நான் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். புத்தகம் என்னுடைய அக்கவுண்டன்சி.

காத்திவாக்கத்திலிருந்து வந்த ஒரு மீன்காரப் பெரியப்பா லுங்கியோடு நின்றுகொண்டு புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணில எறங்கினா இடுப்பு எதுன்னு தானா தெரிஞ்சிட்டுப் போவுது. அதுக்குப் போய் புக்கா? பாப்பா படிக்கிற புக்காச்சே, பாவம்" என்று தயங்கினார். உள்ளே செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த சித்தி அங்கிருந்தே சொன்னார்: "ரெண்டு வருசமா அவ மண்டைக்கு ஏறாத புக்குதாண்ணே அது. இப்பவாச்சும் எங்கனா ஏறட்டும், இழுங்க!"

வளருத பிள்ளை

அப்பா கதை எங்கே என்கிறீர்களா? இருங்கள், பக்கத்தில் வந்துவிட்டோம்.

மாரியம்மன் கோயில் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தூத்துக்குடி அக்கா, ஆறாம் வகுப்புப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் என் தோள் உயரம்கூட இல்லை. அக்கா நேராக இருப்பதிலேயே பெரிய வண்டிக்குப் போனார். "வளருத பிள்ளைல்லா, பெருசாவே எடுத்துருவோம்." யூனிஃபார்ம் என்றால் மடித்துத் தைத்துக்கொள்ளலாம்க்கா, பாரை எப்படி மடிப்பது என்றேன். கேட்டால்தானே? பையனை நானும் மெக்கானிக் அண்ணனும் தூக்கி உட்காரவைத்தோம். கால் இரண்டும் காற்றில் தொங்கின. மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாத பூனைபோல ஹேண்டில்பாரைக் கட்டிக்கொண்டான். ரொம்ப நேரம் தன் காலையே பார்த்தவன், அம்மாவிடம் மெல்லக் கேட்டான்: "ம்மா, நா வளர்றதுக்குள்ள நடுரோட்டுல பிரேக் புடிச்சா, அப்ப நா இன்னா பண்றது?"

சின்ன வண்டிதான் போனது. அந்தக் கேள்வி மட்டும் கடையிலேயே தங்கிவிட்டது. ஏனென்றால் அதைக் கேட்டிருக்க வேண்டிய, ஆனால் கேட்காத இன்னொரு ஆள் என் வீட்டில் இருந்தார்.

எல்

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மேலே ஏறிவிட்டால் ராயபுரத்திலேயே உயரமான மனுஷன். கப்பலையே குனிந்துதான் பார்ப்பார். கீழே இறங்கினால் ஐந்தடி இரண்டு அங்குலம். நான் அவரைவிட உயரம். என் கால் அம்மாவுடைய கால்.

சுகர் டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னதும், சித்தியைக்கூடக் கேட்காமல் வேறு எங்கேயோ போய், சிவப்பு நிறத்தில் எல் சைஸ் வண்டி வாங்கிவந்துவிட்டார். தினமும் காலையில் எண்ணூர் ரோட்டில் போய்த் திரும்புவார். அந்த ரோடு உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன்: கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும், அதன் சக்கரமே என் நெஞ்சு உயரம். ஒருநாள் கடை வாசலில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சிக்னலில் அப்பா பிரேக் பிடித்தார். இடது காலை நீட்டினார். அங்கே ரோடு இல்லை. அப்படியே சாய்ந்து, பிளாட்பார விளிம்பில் விழுந்தார். பின்னால் வந்த டிரெய்லர் மூச்சுவிட்டு நின்றது. மேலிருந்து கிளீனர் கத்தினார்: "யோவ் பெர்சு, காலு எட்டாத வண்டி உனுக்கு இன்னாத்துக்குய்யா?"

எல்லார் குரலும் வருகிற எனக்கு அன்றைக்கு என் குரல் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் முழங்கைக்கு மஞ்சள் வைத்துவிட்டுக் கெஞ்சினேன். "அப்பா, உங்க காலுக்கு எஸ் சைஸ்தான்பா." அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எஸ்ஸா? அத்த வாயால சொல்றதுக்கே வரல எனுக்கு. எல்லுதான் நம்ம சைஸு, உடு."

லூதியானா

இதோ வந்துவிட்டது. மெக்கானிக் அண்ணன் போனை வாங்கிக்கொண்டு வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி, அப்பா நம்பருக்கு அடித்தேன். தொண்டையைக் கரகரப்பாக்கி, வடக்கத்தி இழுவையையும் சேர்த்துக்கொண்டேன். "ஹலோ சார்ஜி, நம்பள் லூதியானா சைக்கிள் ஃபேக்டரி எஞ்சினியர் பேசுது. உங்க வண்டி ஃப்ரேமு பழைய டிசைன் ஆகுது. புது டிசைன் எல் சைஸு வந்தாச்சு. பாரு கொஞ்சம் கீழே சாய்ஞ்சு இருக்கும், பார்க்க சின்னதா தெரியும், ஆனா எல்லுதான். ஸ்டெல்லா மேடம் கடையிலே மாத்திக்கோங்கோ."

கீழே அப்பா எழுந்து நின்று பேசுவது கைப்பிடிச் சுவர் வழியாகக் கேட்டது. சிரிப்பை அடக்க துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன். மீதியைச் சித்தி பார்த்துக்கொண்டார். மீஞ்சூரில் தண்ணீர் ஆலையில் வேலை செய்கிற நெட்டை அண்ணன் ஒருவர் அதே வண்டியை எல் சைஸில் தேடிக்கொண்டிருந்தார். கீறலைக் காட்டி, பழசு என்று சொல்லியே சித்தி அப்பாவின் வண்டியை அவருக்குக் கொடுத்தார். அதே சிவப்பில் எஸ் ஒன்று கடையில் இருந்தது. அப்பாவின் மணியையும் மாதா படத்தையும் கழற்றி இதில் மாட்டினேன். எஸ் மேல் ஒட்ட ஓர் எல் வேண்டும் என்று ஸ்டிக்கர் கடைக்குப் போனால், "டிரைவிங் கத்துக்கறியாம்மா?" என்றார்கள். அப்பா போனை வைப்பதற்கு முன் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னா டிசைனா வேணா இருக்கட்டும் சார். எல்லுதானே?"

ரெண்டு சிவப்பு வண்டி

அதற்குப்பிறகு தினமும் காலையில் சிக்னலைப் பார்ப்பேன். அப்பா பிரேக் பிடிப்பார், சீட்டிலிருந்து இறங்குவார், இரண்டு பாதமும் தார் ரோட்டில் அழுந்த நிற்கும். பின்னால் டிரெய்லர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "பாத்தியா? எல்லுல குந்தினாத்தான் ஒரு கெத்து கீது" என்று எனக்கே பாடம் எடுப்பார். மெக்கானிக் அண்ணன் அந்த நேரத்தில் எதையாவது கீழே போட்டுவிட்டுத் தேடுவார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து அப்பா காற்றடிக்க வந்திருந்தார். அதே நேரத்துக்கு மீஞ்சூர் நெட்டை அண்ணன் சர்வீஸுக்கு வந்து இறங்கினார். இரண்டு சிவப்பு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் எல். ஒன்றின் பார் மற்றதைவிட ஒரு சாண் உயரம்.

"உங்களுதும் எல்லுதானா சார்? கொஞ்சம் ஒக்காந்து பாக்கட்டா?" என்றார் நெட்டை அண்ணன். நான் வேண்டாம் என்று சைகை காட்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். "சார், முட்டி தாடைல இடிக்குதே!"

அப்பா உயரமான வண்டியிடம் போனார். இடது பக்கம் ஹேண்டில்பார் நுனியில் ஒரு கீறல், கீறலுக்குள் பிளாட்பாரத்து மஞ்சள் பெயின்ட். அதைக் கட்டைவிரலால் தடவினார். திரும்பிவந்து தன் வண்டியில் எல் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அடியில் எஸ் எட்டிப்பார்த்தது. சித்தி, ஸ்போக் இல்லாத டப்பாவில் ஸ்போக் தேடினார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அப்பா ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார். வண்டியைக் கால்களுக்கு நடுவில் விட்டு நின்று, தன் இரண்டு பாதத்தையும் ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை எடுத்தார். என் பாக்கெட்டில் மணியடித்தது. எடுத்தேன். அதே கரகரப்பு, அதே இழுவை, நான் பேசியதைவிடச் சுத்தமாக: "ஹலோ, லூதியானாவா? நம்பள் ராயபுரத்துலேர்ந்து எஸ் சைஸு பேசுது."

என் கால் அம்மாவிடமிருந்து வந்தது என்பது ஊருக்கே தெரியும். குரல் யாரிடமிருந்து வந்தது என்று அளந்து பார்க்கத்தான் எந்தப் புத்தகமும் இல்லாமல் போய்விட்டது.