நீலக் குடத்துக்காரி

முதல் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவாள் மக்வாலா, நாய்க்குட்டியிடம் 'இங்கேயே இரு' என்று சொல்வதைப் போல. குடங்கள் மூன்றும் நீலம். மூன்றின் வயிற்றிலும் சிவப்பு நகப்பூச்சால் 'மாலா' என்று எழுதியிருக்கும். மக்வாலா என்று முழுப் பெயரையும் கூப்பிட காலடிப்பேட்டையின் அந்தத் தெருவுக்கு நேரமில்லை. தண்ணீர் லாரி நினைத்தபோது வரும். அதுவரை அவளுக்குப் பதிலாகக் குடம் நிற்கும்.

அவள் ஊர் ஜார்ஜியா நாட்டில் பத்தூமி, கருங்கடல் ஓரத்துத் துறைமுகம். கணவன் ஜுராப், எண்ணூர்த் துறைமுகத்தில் கிரேன் பூட்டும் இஞ்சினியர். கம்பெனி அவர்களுக்கு நகரத்தின் தெற்கே, நீச்சல் குளத்தோடு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தது. அங்கிருந்து கிளம்பினால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கி வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜுராப்புக்குத் தாடி வளர்ந்துவிடும். மக்வாலாவுக்கோ கப்பல் கண்ணில் படாவிட்டால் சோறு இறங்காது. ஒன்றரை வருஷத்துக்கு முன், கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி தாஹிராவின் மாடி வீட்டைக் கணவனோடு பார்க்க வந்தவள் நேரே மொட்டைமாடிக்கு ஏறி, தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பல்களை எண்ணினாள். பதினொன்று. போதும் என்று இறங்கி வந்துவிட்டாள். குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்க இருவருக்குமே தோன்றவில்லை.

எதிர்வீட்டுக் கன்னியம்மா கூடையில் மீன் விற்பவள். முதல் நாள் அந்தக் கூடையில் நெத்திலியைப் பார்த்ததும் மக்வாலா கண் கலங்கிவிட்டாள். அவள் ஊர்க் கடலிலும் அதே மீன்தான். மக்காச்சோள மாவில் புரட்டி, வாணலியில் வட்டமாக அடுக்கி, ஒரே தோசையைப் போலத் திருப்பிப் போடுவாள்.

"இன்னாம்மே இது, மீன வட்டமா ஒக்கார வெச்சி மீட்டிங் போட்டுகினு கீற?" என்று சிரித்த கன்னியம்மா, வட்டத்தில் முக்கால்வாசியை அவளே தின்றாள்.

தமிழும் கன்னியம்மா கொடுத்ததுதான். கரண்ட் போனாலும், லாரி வராவிட்டாலும், படியேறி மழைத்தண்ணீர் வந்தாலும் மக்வாலாவிடம் ஒரே வாக்கியம்: "உடு, பாத்துக்கலாம்." ஒன்பது வயது மகள் ஏகா பள்ளிக்கூடத்துத் தமிழ் படிக்கிறாள். "வூடு இல்லம்மா, வீடு" என்று திருத்துவாள். அதற்கும் அதே பதில்தான்.

அந்த ஒரு மாதம் மட்டும் அந்த வாக்கியம் அவள் வாயில் வரவில்லை. நாட்டில் தங்குவதற்கான அனுமதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமென்றால், கொடுத்த முகவரியில்தான் குடும்பம் குடியிருக்கிறது என்று போலீஸ்காரர் நேரில் பார்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஜுராப்பின் கிரேனும் பாதியில், ஏகாவின் நான்காம் வகுப்பும் பாதியில், மூவரும் விமானத்தில். மூன்று வாரமாக வாசலைப் பார்த்துப் பார்த்து அவள் கழுத்தே ஒரு சாண் நீண்டுவிட்டது.

புதன்கிழமை காலை, ஏகாவைப் பள்ளியில் விட்டுத் திரும்பினாள். இடுப்பில் கை வைத்து, சண்டையில் ஜெயித்தவளைப் போல நின்றிருந்தாள் கன்னியம்மா.

"உன்ன தேடிகினு ஒர்த்தன் வந்தான், கையில ஃபைலு. இங்க வெள்ளக்காரங்க யார்னா கீறாங்களான்னு கேட்டான். 'வெள்ளக்காரனா? அவன் போயி எத்தினி வர்சமாவுது நைனா'ன்னு தொரத்தி உட்டேன். தாஹிராவும் இல்லவே இல்லன்ட்டா!"

அது அந்தத் தெருவின் சட்டம். ஃபைலோடு வரும் புது ஆள் யாரைக் கேட்டாலும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைகூட 'இல்லை' என்றுதான் தலையாட்டும்.

மக்வாலாவின் வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. "அய்யோ அக்கா, அது போலீசு! அவுரு எய்தினாத்தான் நா இங்க இருக்க முடியும்!"

மூன்று பெண்களும் தெருமுனை டீக்கடைக்கு ஓடினார்கள். மஃப்டியில் இருந்த காவலர் வரதன் கிளாஸைக் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

"இப்பதானே இல்லன்னீங்க?"

"அப்போ பொய் சொன்னேன் சார். இப்போ நெஜம் சொல்றேன்" என்றாள் கன்னியம்மா.

"வாடகைப் பத்திரம் கீது சார், காட்றேன்" என்றாள் தாஹிரா.

வரதன் ஃபைலில் இருந்த போட்டோவையும் மக்வாலாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆள் இவங்கதான், சரி. ஆனா சிட்டியில சொகுசா ஃபிளாட்ல இருந்துகிட்டு அட்ரஸ மட்டும் இங்க குடுக்கறவங்களும் இருக்காங்க. இங்கயேதான் குடியிருக்காங்கன்னு நான் எதை வெச்சு எழுதறது?"

மக்வாலா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து லாரி ஹாரன் அடித்தது.

தன் தலையெழுத்தே அந்த ஃபைலில் இருக்கிறது என்பதை மறந்து திரும்பி ஓடினாள். அவள் கால்களுக்கு ஒன்றரை வருஷப் பழக்கம். மூளையை அவை கேட்கவில்லை. வரிசையில் அவள் குடங்களுக்கு முன்னால் ஆட்டோக்காரத் தீனாவின் குடம் நின்றது.

"இன்னாபா, எவன்பா என் கொடத்த பின்னால தள்னது? அஞ்சரைக்கே வெச்சிட்டு போனேன்! தாஹிராக்காவுக்கு அப்பால நானு, எனுக்கு அப்பாலதான் நீ! கலீஜ் வேல பண்ணாத மாமு!"

"ஒரே கொடம் தானே, மாலாக்கா..."

"ஒரு சொட்டு கூட இல்ல! எட்றா!"

அந்தக் குரலுக்கு, கடலில் நின்ற கப்பலொன்று பதில் சங்கு ஊதியதாம். பாதியைக் கழித்துக்கொண்டு நம்பலாம். பின்னாலேயே வந்த வரதன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லாரியின் மட்கார்டில் ஃபைலை வைத்து, மேற்கண்ட முகவரியில் வசிக்கிறார் என்று எழுதினார்.

"ஃபிளாட்டுக்காரங்க கொடத்துக்குச் சண்ட போட மாட்டாங்கம்மா. இங்க சைன் பண்ணுங்க."

ஈரக் கையால் போட்ட கையெழுத்து லேசாகக் கரைந்தது. மக்வாலா நிரம்பிய முதல் குடத்தின் மேலேயே கையூன்றி, மூன்று வாரத்து மூச்சையும் சேர்த்து விட்டாள். "தீனா, மிச்சத்துக்கு முன்னாடி நீ புட்ச்சிக்கோ. உடு, பாத்துக்கலாம்" என்றாள். தெரு சிரித்தது.

அனுமதி வந்து பத்து நாள் இருக்கும். மாடிப்படியில் மக்வாலாவும் கன்னியம்மாவும் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு புது ஆள் வந்து நின்றான். கக்கத்தில் ஃபைல்.

"ஏம்மா, கன்னியம்மான்றவங்க வீடு இங்க எது?"

மக்வாலா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்தில் குனிந்திருந்தவள் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. உதட்டைப் பிதுக்கி, செதில் ஒட்டிய இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.